மாணவருக்கு நிகரானோர் தேவை

நாட்டின் எதிர்காலம் வகுப்பறையில் உருவாகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த வகுப்பறையில் ஆசிரியர் என்று ஒருவர் இருந்தால் நல்லது என்பதை எங்கள் பக்கத்துப் பல்கலைக்கழகம் பல வருஷம் யோசித்துக் கண்டுபிடித்தது. கண்டுபிடித்த நாளில் ஸ்வீட் கொடுத்தார்கள்.

தூத்துக்குடியிலிருந்து வேம்பார் பஸ்ஸில் ஏறினால், இரண்டு பக்கமும் உப்பளத்தைத் தவிர ஒன்றும் தெரியாத ஓரிடத்தில் கண்டக்டர் "யுனிவர்சிட்டில்லாம் எறங்கு" என்று கத்துவார். அங்கே இறங்கினால் முத்துச்சிப்பிப் பல்கலைக்கழகம். வாசலில் ஒரு பெரிய சிமெண்ட் சிப்பி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். முத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குண்டு பல்பு. அது எரிந்து யாரும் பார்த்ததில்லை. கீழே "கொற்கையின் அறிவு வாரிசு" என்று எழுதியிருக்கும். கொற்கையில் இப்போது வாழை போட்டிருக்கிறார்கள், நன்றாக விளைகிறது. வாரிசுதான் ஒன்றும் விளையாமல் நிற்கிறது.

இந்த வளாகத்தின் கடைசியில் உயிர்வேதியியல் துறை இருக்கிறது. பெயர்ப்பலகை உண்டு, ஆய்வகம் உண்டு, ஃப்ரிட்ஜ் உண்டு, ஃப்ரிட்ஜைப் பார்த்துக்கொள்ள வாட்ச்மேன் உண்டு. நிரந்தர ஆசிரியர் கிடையாது. மாணவரும் கிடையாது. ஆசிரியர் இல்லாததால் மாணவர் சேரவில்லை, மாணவர் சேராததால் ஆசிரியரை நியமிக்கவில்லை. இதை யாரும் கோளாறாக நினைக்கவில்லை. கணக்கு இரண்டு பக்கமும் சரியாக இருந்தது.

எங்கள் அக்கா ஜெபசுதா அங்கே கௌரவ விரிவுரையாளர். டாக்டர் பட்டம் வாங்கியவள். சொந்தத் துறையில் பிள்ளைகள் இல்லாததால் வேதியியலுக்கும் விலங்கியலுக்கும் போய் ஒவ்வொரு பாடம் எடுத்துவிட்டு வருவாள். மணிக்கணக்குச் சம்பளம். சம்பளம் வராத மாதங்களில் கௌரவம் வரும்.

நாசரேத்தில் எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவில் ஜெபக்குறிப்பு வாசிப்பார்கள். "சகோதரி ஜெபசுதாவின் நிரந்தர வேலைக்காக" என்பது அதில் வருஷக்கணக்காக இருக்கிறது. எங்களுக்குப் பின்னால் குறிப்புக் கொடுத்தவர்களுக்குக் கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானமும் ஆகிவிட்டது. அக்கா பெயர் வந்தால் எங்கள் போதகர் ஐயர் பேப்பரைப் பார்க்காமலே வாசிப்பார்.

இந்த வருஷம் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. உயிர்வேதியியலுக்கு ஓர் உதவிப் பேராசிரியரைப் போடுங்கள், இல்லாவிட்டால் துறையை மூடுங்கள். மூடினால் அக்காவின் கௌரவமும் சேர்ந்து மூடப்படும். பிறகு பாளையங்கோட்டையில் ஒரு நீட் கோச்சிங் சென்டர்தான். அங்கே ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்து அக்கா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "அங்கன யாருக்கும் ஏன்னு கேக்கத் தெரியல பேபி. ஏவா, பியா, சியான்னுதான் கேக்கானுவ" என்றாள்.

பேபி என்பது நான். சர்டிபிகேட்டிலும் அப்படித்தான். பிளஸ் டூ முடித்துவிட்டேன், காமர்ஸ். எந்தக் காலேஜிலும் சேரவில்லை. ஏன் சேர வேண்டும் என்று கேட்டேன், "எல்லாரும் சேருதாங்கள்லா" என்பதற்கு மேல் ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.

பணி நியமனத்துக்குப் புதிதாக ஒரு விதி வந்திருந்தது. விண்ணப்பித்தவர் மாதிரி வகுப்பு நடத்த வேண்டும். அந்த வகுப்பில் உட்கார்ந்த மாணவர்கள் மார்க் போட வேண்டும். அந்த மார்க்குக்குத்தான் பெரிய பங்கு. இதைப் பற்றி டீன் அருமைநாயகமும் பிரிவு அலுவலர் கிருபாகரனும் பேசிக்கொண்டதை அக்கா திறந்திருந்த கதவுக்கு வெளியே காத்திருந்து கேட்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்து இரண்டு குரலிலும் பேசிக் காட்டினாள்.

"துறையில எத்தனை மாணவர் கிருபாகரன்?"

"தற்போதைய நிலவரப்படி சுழியம் சார்."

"அப்படின்னா?"

"யாருமில்ல சார்."

"வேதியியல் பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்து உட்கார வைங்க."

"அதுல சிக்கல் இருக்கு சார். அதுங்களுக்கு ஜெபசுதா பாடம் எடுத்திருக்கு. கொஞ்சம் விஷயம் தெரியும். விஷயம் தெரிஞ்சவங்க கிட்ட கேட்டா அபிப்பிராயம் சொல்லிருவாங்க. நடுநிலை கெட்டுரும்."

"மாணவர் மதிப்பீடு இல்லாமலே போட்டா?"

"மதிப்பீடு இல்லாம நியமனம் இல்ல சார். நியமனம் இல்லாம மாணவர் இல்ல. மாணவர் இல்லாம மதிப்பீடு இல்ல."

டீன் கண்ணை மூடிக்கொண்டாராம். தூங்கிவிட்டார் என்று அக்கா நினைத்திருக்கிறாள். ஆனால் அவர் சிந்தித்துக்கொண்டிருந்தார்.

"மாணவர் இல்லாட்டி என்னய்யா? மாணவருக்கு நிகரானவங்க இருப்பாங்கள்லா?"

அடுத்த வாரம் வாசலில் சிமெண்ட் சிப்பியின் தாடையில் அறிவிப்பு ஒட்டினார்கள்.

"உயிர்வேதியியல் துறை உதவிப் பேராசிரியர் தெரிவின்பொருட்டு, பன்னிரண்டாம் வகுப்பு தேறி எக்கல்லூரியிலும் சேராதவரும், மேற்படி பாடம் குறித்து யாதொரு முன்முடிவும் அற்றவருமாகிய மாணவருக்கு நிகரானோர் வரவேற்கப்படுகின்றனர். சிற்றுண்டி வழங்கப்படும்."

நான் என் கூட்டாளி செல்வலட்சுமிக்குப் போன் போட்டேன். விளாத்திகுளத்துக்காரி, என்னோடு ஹாஸ்டலில் இருந்தவள்.

"சிற்றுண்டின்னா என்னளா, மக்ரூனா?"

"தெரியல. தூத்துக்குடியில வேற என்னத்தக் குடுப்பாவ?"

"அப்ப வாரேன்."

போனால் வராந்தா நிறையக் கூட்டம். நிகரானோரைத் தேர்ந்தெடுக்க இண்டர்வியூ வைத்திருந்தார்கள். ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கப்போகும் மாணவரை முதலில் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டாமா? கிருபாகரன் சார் நடுவில் உட்கார்ந்திருந்தார். எனக்கு மனசுக்குள் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது. போனதுமே சொல்லிவிட்டேன்.

"சார், இந்த வேலைக்கு அப்ளை பண்ணியிருக்க ஜெபசுதா எங்க அக்கா."

"கூடப் பிறந்ததா?"

"ஆமா சார்."

அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "தேர்வுக் குழு உறுப்பினருக்கு உறவு இருக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. மாணவருக்கு நிகரானவருக்கு இருக்கக் கூடாதுன்னு போடல. அக்காவைத் தெரியலாம். பாடம் தெரியக் கூடாது. நொதின்னா என்ன?"

"தெரியாது சார்."

"புரதம்?"

"முட்டையில இருக்குன்னு டிவியில சொல்லுவாங்க."

அவர் முகம் வாடியது. பேனாவை மூடப்போனார்.

"திங்கற அளவுக்குத்தான் சார் தெரியும்" என்றேன்.

"அப்ப சரி. அடுத்து!"

செல்வலட்சுமி சயின்ஸ் குரூப். நொதி என்றதும் பழக்க தோஷத்தில் "உயிரியல் வினைகளின் வேகத்தைக் கூட்டும்..." என்று ஆரம்பித்துவிட்டாள். கதவுப் பக்கம் நின்ற நான் இருமினேன்.

"...அப்படின்னு என்னமோ படிச்சேன் சார். பரீட்சை முடிஞ்ச அன்னைக்கே மறந்துட்டு."

"முழுசா மறந்தாச்சா?"

"சத்தியமா சார்."

"பின்னால ஞாபகம் வந்துட்டா?"

"எங்க பள்ளிக்கூடத்துல அப்படி யாருக்கும் வந்தது இல்ல சார்."

அவளிடம் உறுதிமொழி எழுதி வாங்கிக்கொண்டு சேர்த்தார்கள். எங்களுக்கு முன்னால் போன ஒரு பையன், நிறைய மார்க் வாங்கியவன், எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு "மிகைத் தகுதி" என்று வெளியே வந்தான். அழுதுகொண்டே பஸ் ஏறினான். எங்களை மதியம்வரை குடைந்தார்கள். ஆசிரியர் வேலைக்கு வந்தவர்களிடம் ஆதார் கார்டைப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

தேறியவர்களுக்குப் பயிற்சி. மாணவர் என்றால் தானாகவே மாணவராக இருப்பார். நிகரானவர் என்றால் பழக வேண்டும் அல்லவா? அதற்காகச் சென்னையிலிருந்து மாதுரி மேடம் வந்தார்கள். "கற்றல் அனுபவ வடிவமைப்பாளர்" என்று கழுத்து அட்டையில் இருந்தது. காதில் கட்டைத் தோடு, தோளில் சாக்குப் பை. வந்ததும் பெஞ்சையெல்லாம் தூக்கி வெயிலில் போடச் சொன்னார்கள். பதிலாக மூட்டை மூட்டையாக ஏதோ வந்தது. பீன் பேக்காம். உட்கார்ந்தால் ஆள் உள்ளே போய்விடுவார், எழுந்திருக்க இன்னொருத்தர் கை கொடுக்க வேண்டும்.

"ஒருத்தர் முன்னால நின்னு பேச, மத்தவங்க கேக்கறதுங்கறது காலனி ஆட்சியோட மிச்சம்" என்று மாதுரி மேடம் முன்னால் நின்று பேசினார்கள். நாங்கள் கேட்டோம். "இன்னைக்கு உலகம் பூரா என்ன சொல்றாங்க? டீச்சர் இருக்கணும். ஆனா இருக்கறது தெரியக் கூடாது."

"எங்க ஸ்கூல்ல பி.டி. சார் அப்படித்தான் மேடம்" என்றேன். "இருக்காருன்னு சம்பளப் பட்டியல்ல மட்டும்தான் தெரியும்."

மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "கிராமத்துல எவ்வளவு இயல்பா வந்திருக்கு பாருங்க" என்று போனில் குறித்துக்கொண்டார்கள்.

மார்க் போடும் முறையும் புதுசு. போனில் ஒரு பக்கம் திறக்கும், அதில் இதயம் வரும். பிடித்தால் ஐந்து இதயம், பிடிக்காவிட்டால் ஒன்று. எதனால் பிடித்தது என்று எழுத இடம் கிடையாது. எழுதினால் அபிப்பிராயமாகிவிடும்.

மாதிரி வகுப்பு நாள். விண்ணப்பித்தவர்களில் இரண்டு பேர்தான் கடைசிவரை மிஞ்சியிருந்தார்கள். ஒன்று அக்கா. இன்னொருத்தர் நேசக்குமார் என்று ஒருவர், சாத்தான்குளத்துக்காரர், கையில் புது லேப்டாப். குழுவில் டீன் அருமைநாயகம். அவர் பாடம் வணிகவியல். அப்புறம் கிருபாகரன், மாதுரி மேடம். உயிர்வேதியியல் தெரிந்த ஒரே ஆள் ஆழ்வார்திருநகரியிலிருந்து பாஷ்யம் என்கிற ரிட்டையர்ட் பேராசிரியர். அவர் சுவரில் இருந்த திரையில் வீடியோவில் வந்திருந்தார். நெற்றியில் பளிச்சென்று நாமம், கையில் குறிப்புகள். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

"ஐயா என்னமோ சொல்லுதாங்களே" என்றார் டீன்.

"ஆசி வழங்குதாங்க சார்" என்றார் கிருபாகரன்.

அக்கா முதலில் வந்தாள். வெறுங்கையோடு வரவில்லை. தருவைக்குளத்திலிருந்து காலையில் வாங்கிய சூரை மீன் இரண்டு துண்டு கொண்டுவந்தாள். ஒன்று ஐஸில் வைத்தது, இன்னொன்று வெயிலில் வைத்தது. தட்டில் போட்டுச் சுற்றவிட்டாள். பார்ப்பதற்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன.

"இதுல எதைத் தின்னா ஆபத்து? கண்டுபிடிங்க."

நாங்கள் மோந்து பார்த்தோம். தெரியவில்லை.

"தெரியாது. அதான் விஷயமே. சூரைச் சதையில ஹிஸ்டிடின்னு ஒரு சாமான் நெறையக் கெடக்கு. அது நல்ல சாமான். மீன் வெயில்ல கெடந்தா பாக்டீரியா பெருகும். அதுங்க கிட்ட ஒரு நொதி இருக்கு. நொதின்னா கத்திரின்னு வெச்சுக்கோ. அது இந்த ஹிஸ்டிடின்ல ஒரு துண்டை வெட்டி எறிஞ்சிரும். மிஞ்சறது ஹிஸ்டமின். அது உள்ள போனா மூஞ்சி சிவக்கும், அரிக்கும், தலை வலிக்கும்."

செல்வலட்சுமி பீன் பேக்கிலிருந்து எழுந்திருக்க முயன்று, முடியாமல், படுத்தவாக்கிலேயே கையைத் தூக்கினாள். "மிஸ், எங்க மாமாக்கு ஒரு கல்யாண வீட்டுல அப்படி ஆச்சு. மூஞ்சியெல்லாம் செவந்துட்டு. கண்ணு பட்டுட்டுன்னு மிளகாய் சுத்திப் போட்டாவ."

"என்ன மீன் தின்னாரு?"

"சூரைதான் மிஸ்!"

எல்லோரும் சிரித்தோம். "நல்லா வேக வெச்சா சரியாயிராதா?" என்று ஒருத்தன் கேட்டான். ஆகாது, கத்திரி உடைந்துவிடும், வெட்டினது வெட்டினதுதான் என்றாள் அக்கா. "வெட்டினப்புறம் ஐஸ் போட்டா?" ஆகாது, ஐஸ் முதலிலேயே போட வேண்டும். "கருவாட்டுக்கு?" என்று ஒரு குரல். "அப்ப சளிக்கும் அரிப்புக்கும் ஒரே மாத்திரை குடுக்காவளே, அது?" என்று இன்னொரு குரல். எனக்கே ஒன்று கேட்கத் தோன்றியது, கேட்டேன்: அதை வெட்டி பாக்டீரியாவுக்கு என்ன லாபம்? காமர்ஸ்காரி நான். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு வகுப்பில் நானாகக் கேள்வி கேட்டது அன்றுதான். திரையில் பாஷ்யம் சார் எழுந்து நின்று கை தட்டினார். சத்தம் வரவில்லை.

அக்கா வெளியே போனதும் குழு கூடிப் பேசியது. நாங்கள் மூட்டைக்குள் புதைந்து கிடந்ததால் எங்களை மறந்துவிட்டார்கள்.

"எத்தனை பேர் சந்தேகம் கேட்டாங்க?" என்றார் டீன்.

"ஏறக்குறைய எல்லாரும் சார்."

டீன் உதட்டைப் பிதுக்கினார். "தெளிவா நடத்தியிருந்தா எதுக்குச் சந்தேகம் வருது?"

"பேசினதும் ரொம்ப அதிகம்" என்றார்கள் மாதுரி மேடம். "அவங்க இருக்கறது எனக்குத் தெரிஞ்சுக்கிட்டே இருந்தது."

"மீன் வாடை வேற. அதோட, கெட்டுப்போறதப் பத்திப் பாடம். பல்கலைக்கழகம் இப்ப பாஸிட்டிவா போயிட்டிருக்கற நேரத்துல..." என்று கிருபாகரன் இழுத்தார்.

திரையில் பாஷ்யம் சார் ஒரு தாளில் என்னவோ பெரிதாக எழுதி கேமராவுக்கு முன் நீட்டினார். ரொம்பக் கிட்டே நீட்டியதால் வெள்ளையாக மட்டும் தெரிந்தது.

"ஐயா ஆட்சேபணை இல்லைங்கறாங்க" என்று குறித்துக்கொண்டார் கிருபாகரன்.

அடுத்து நேசக்குமார். வணக்கம் சொன்னார். லேப்டாப்பைத் திறந்தார். கேபிளைச் செருகினார். படம் வரவில்லை. பிடுங்கி வேறு ஓட்டையில் செருகினார். வரவில்லை. எங்களைப் பார்த்துச் சிரித்தார். குனிந்து மேஜைக்கு அடியில் போனார். மேலே வந்தார், மறுபடி சிரித்தார். நாங்கள் எங்கள் பாட்டுக்குப் பேச ஆரம்பித்தோம். செல்வலட்சுமி ரீல்ஸ் பார்த்தாள். இரண்டு பையன்கள் கிரிக்கெட் ஸ்கோருக்குச் சண்டை போட்டார்கள். நேசக்குமார் மேஜைக்கு அடியிலேயே இருந்தார். அப்போது கரண்ட் போனது. அவர் வெளியே வந்து, வேர்வையைத் துடைத்து, "ஸாரி சார். இன்னைக்கு எதுவும் நடத்த முடியல" என்றார். பாவம், பொய் சொல்லாத ஆள்.

மாதுரி மேடம் எழுந்து நின்றுவிட்டார்கள். "இதைத்தான்! இதைத்தான் நான் ஊர் ஊராப் போய்ச் சொல்றேன். ஆசிரியர் முழுசாக் கரைஞ்சிட்டார். பசங்க தங்களுக்குள்ள எப்படி விவாதிச்சாங்க பாத்தீங்களா?"

"மேடம், நான் கேபிள்..."

"அந்த அடக்கம்!"

"ஒருத்தருக்கும் ஒரு சந்தேகமும் வரல" என்றார் டீன். "அவ்வளவு தெளிவு."

அதுவரை எனக்குப் பயமில்லை. ஏனென்றால் மார்க் எங்கள் கையில். நிகரானோர் அத்தனை பேரும் அக்கா வகுப்பில் எப்படித் துள்ளினார்கள் என்று நான் பார்த்தவள். நான் அக்காவுக்கு ஐந்து இதயமும் நேசக்குமாருக்கு ஒன்றும் அழுத்திவிட்டு நிம்மதியாக வெளியே வந்தேன். கரண்ட் வந்ததும் எங்களைக் கூப்பிட்டு முடிவைத் திரையில் போட்டார்கள். நேசக்குமாருக்கு இதயம் குவிந்து கிடந்தது. அக்காவுக்கு இருந்ததை எண்ண ஒரு பார்வை போதும்.

செல்வலட்சுமி மக்ரூன் தின்றுகொண்டிருந்தாள்.

"ஏளா, நீ எங்க அக்காவுக்கு எத்தனை போட்ட?"

"ரெண்டு."

"ரெண்டா? மாமா கதையெல்லாம் சொன்னியே மூதி! நல்லா இல்லையா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு. அதுக்குத்தான் பயந்தேன். உங்க அக்கா வந்தா தெனமும் இப்படி நடத்துவா. தெனமும் யோசிக்கணும். அந்த அண்ணாச்சி சீக்கிரம் விட்டுட்டாரு பாரு, பாக்கெட்டு தீரதுக்குள்ள வந்துட்டோம்."

மற்றவர்களிடமும் கேட்டுப் பார்த்தேன். பதிலும் அதேதான், வாய் நிறைய மக்ரூனும் அதேதான். ஆபீசைத் திட்டுவதற்கு மூச்சு இழுத்து வைத்திருந்தேன். யாரைப் பார்த்து விடுவது என்று தெரியவில்லை.

பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். ஐஸில் வைத்த துண்டை வீணாக்காமல் கொண்டு வந்திருந்தாள். தெர்மல் மின்நிலையத்தின் புகைக்கூண்டைத் தாண்டினோம். அப்புறம் கேட்டாள்: "நீ கேட்ட கேள்வி நல்ல கேள்வி, தெரியுமா?" நான் உப்பளத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

நேசக்குமாருக்கு ஆர்டர் வந்தது. சேர்ந்த அன்றைக்கே அவரைத் தரமதிப்பீட்டு ஒருங்கிணைப்பாளர், விளம்பரப் பொறுப்பாளர், சிப்பி பல்பு பராமரிப்புக் குழுத் தலைவர் ஆக்கினார்கள். நிரந்தர ஆசிரியரைக் கொண்டுபோய் வகுப்பில் வீணாக்க முடியுமா? துறையில் ஆசிரியர் வந்தாயிற்று, இனி மாணவர் வேண்டும். கடுமையான நேர்காணலில் தேறிய நிகரானோர் இருக்கும்போது வேறு எங்கே தேடுவது? எங்கள் எல்லோருக்கும் உயிர்வேதியியல் முதலாம் ஆண்டில் இடம் கிடைத்ததாக மெசேஜ் வந்தது. காமர்ஸ்காரிக்கு எப்படி என்று கேட்டேன். தகுதி ஏற்கெனவே சோதிக்கப்பட்டுவிட்டது என்றார்கள். "இடம் தேடி வந்திருக்கு, தேவ கிருபை. போளா" என்றாள் அம்மா.

எங்களுக்குப் பாடம் எடுக்க ஆள்? அதற்கு அக்காவைக் கூப்பிட்டார்கள். மணிக்கணக்குதான். பெயர் மட்டும் மாற்றம்: ஆசிரியருக்கு நிகரானவர். அக்கா கோபப்படுவாள், போகமாட்டாள் என்று நினைத்தேன். அவள் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். "பிள்ளைங்க இருக்குல்லா பேபி. என் டிபார்ட்மெண்ட்டுலயே, எனக்கே எனக்குப் பிள்ளைங்க."

முதல் நாள் ஒரு டப்பாவில் உருளைக்கிழங்கும் கத்தியும், ஒரு பாட்டிலில் ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு ஊற்றும் மருந்தும் கொண்டுவந்தாள். "கிழங்கை வெட்டி இதை ஊத்துனா பொங்கிப் பொங்கி நுரைக்கும். ஏன் நுரைக்குதுன்னு ஆரம்பிச்சா இந்த வருஷம் பூரா அதுலயே போகலாம்" என்றாள். கத்தியை எடுத்தாள். அப்போது கிருபாகரன் சார் ஓர் உத்தரவோடு உள்ளே வந்தார்.

"ஒரு நல்ல செய்தி. மாணவர் சேர்ந்துட்டதால துறைக்கு இன்னொரு நிரந்தர இடம் அனுமதியாயிருக்கு. அடுத்த வருஷம் தேர்வு. ஜெபசுதா மேடம் தாராளமா விண்ணப்பிக்கலாம்."

நாங்கள் கை தட்டினோம். அவர் கையமர்த்தி வாசித்தார்:

"மேற்படி தெரிவில் மதிப்பிடுவோர் இத்துறையின் தற்போதைய மாணவர்களே. எனவே தேர்வு நிறைவுறும்வரை அவர்கள் உயிர்வேதியியல் குறித்துத் தங்கள் நடுநிலையைத் தொடர்ந்து பேணிவர வேண்டும். பாட அறிவு பெற்றதாக அறியப்படுவோர் தகுதியிழப்பர். போதிய நடுநிலையாளர் இல்லாதவிடத்துத் தேர்வு ரத்து செய்யப்படும்."

வாசித்துவிட்டு, "வகுப்பு நடக்கட்டும்" என்று சொல்லிப் போய்விட்டார்.

அக்கா கத்தியைக் கிழங்கின் மேல் வைத்தாள். நான் கையை நீட்டித் தடுத்தேன்.

"அக்கா, வெட்டாத."

"வகுப்புல மிஸ்ஸுன்னு சொல்லு. ஏன் வெட்டக் கூடாது?"

"நீ வெட்டி, நுரை வந்து, ஏன்னு சொல்லிட்டன்னா எங்களுக்குப் புரிஞ்சிரும்."

"புரியட்டுமே."

"புரிஞ்சா எங்க தகுதி போயிரும். எங்க தகுதி போனா இண்டர்வியூ கிடையாது. இண்டர்வியூ இல்லாட்டி நீ கடைசி வரைக்கும் நிகர்தான். ஐயரு பேப்பரப் பாக்காமலே வாசிச்சிட்டுத்தான் இருப்பாரு."

"அப்ப நான் இங்கன என்னத்துக்குளா வந்தேன்?"

செல்வலட்சுமிதான் மெதுவாகச் சொன்னாள், "மிஸ், இந்தத் தடவை நாங்க அஞ்சும் போடுதோம் மிஸ். சத்தியமா. நீங்க மட்டும் நடத்தாதீங்க."

அக்கா கிழங்கைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். கத்தியைத் துடைத்து டப்பாவில் வைத்து மூடினாள். சுவரோரம் நேசக்குமாரின் கேபிள் அப்படியே கிடந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு, எங்களைப் பார்த்துச் சிரித்தாள். நாங்கள் போனை எடுத்தோம். மணி அடிக்கிறவரை அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

அன்றைக்கு வகுப்பு முடிந்ததும் போனில் அதே இதயப் பக்கம் திறந்தது, அக்காவுக்கு எல்லா இதயமும் விழுந்தது. மாதுரி மேடம் சென்னையிலிருந்து வாழ்த்து அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை சபையில் ஐயர் அக்கா பெயரை நன்றி ஜெபத்தில் வாசித்தார், வழி திறந்திருக்கிறது என்று.

உருளைக்கிழங்கை அம்மா பொரியல் பண்ணிவிட்டாள். அதில் அந்த மருந்தை ஊற்றினால் ஏன் நுரைக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த மட்டில் என் தகுதி பத்திரமாக இருக்கிறது.